தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதாதது

ராசா,

இதை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. நீயும் ஏதாவது லிஃப்டுக்குள் நின்றபடி படித்துவிட்டு, ஒரு கட்டைவிரலைப் போட்டு அனுப்பிவிடுவாய். அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் பேப்பரை எடுத்திருக்கிறேன். மத்தியானம் ஆகிவிட்டது. வெளிநோயாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள், சிஸ்டர் சாப்பிடப் போயிருக்கிறாள், நான் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. காலையிலிருந்து இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று. முதலில் எழுதியது வெறும் அறிவுரையாக வந்தது, அடுத்தது அழுகையாக வந்தது. இது எப்படி வருமோ தெரியவில்லை. சனிக்கிழமை உன் அப்பா உன் சாமான்களோடு சென்னைக்கு ரயில் ஏறுகிறார். அவர் பையில் மக்ரூன் டப்பாவுக்கு அடியில் இதை வைத்துவிடுவேன். திங்கட்கிழமை நீ புது வேலையில் உட்காருவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமையே இதைப் படித்துவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப எல்லாரும் நம் வீட்டில் சாப்பிட்டோமே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் மாமனார்தான் ஆரம்பித்தார். "மாப்ள, எலும்பு டாக்டரு நோயாளியத் தொடாம என்னத்தப் பாக்கப் போறிய?" என்று கேட்டார். நீ சோற்றுக் கையோடு விளக்கினாய். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு ஒரு சந்தேகம் வந்தால் நோயாளியைப் பெரிய ஊருக்கு பஸ் ஏற்ற வேண்டாம், கம்ப்யூட்டரில் கேள்வியாக எழுதி அனுப்பினால் போதும். நீ அங்கே உட்கார்ந்து படித்து, எக்ஸ்ரே இருந்தால் அதையும் பார்த்து, செய்ய வேண்டியதை எழுதி அனுப்புவாய். நம் பக்கத்து எலும்புக் கேள்விகள் எல்லாம் இனி உன் மேசைக்குத்தான் வரும் என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது எங்கம்மாதான் மாமா" என்றாய். "ரெண்டு வருசத்துக்கு முன்னால தோளு வலின்னு ஒரு ஆளு. எங்கம்மா நாலு வரி எழுதி அனுப்புனா, நான் ரெண்டு வரி எழுதி அனுப்புனேன். அந்த ஆளு பெரியாஸ்பத்திரி வாசலையே மிதிக்கல, தோளு சரியாயிட்டு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இதான் நம்ம வேலைன்னு." எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குள் போனேன். ரசம் மேசையிலேயே இருந்தது. உன் பெண்டாட்டி மட்டும் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன்.

அந்தத் தோள் சரியாகவில்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை பேப்பரைக் கிழித்தேன்.

அந்த ஆளையும் உனக்குத் தெரியும். மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. பள்ளிக்கூட லீவில் நீ என்னோடு இங்கே வந்தால் கடலிலிருந்து சோழி பொறுக்கிக்கொண்டு வந்து உன் சட்டைப் பையை நிரப்புவாரே, அந்த மிக்கேல் அண்ணன்தான். உனக்கு அனுப்பிய செய்தியில் நான் பெயரை எழுதவில்லை. நோயாளியின் பெயரை எழுதக் கூடாது என்பதால் அது சரிதான். ஆனால் அவர் சங்கு குளிக்கிறவர் என்பதையும் எழுதவில்லை. யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. நான் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் பிறந்தவள்தான், கடல் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே ஒருவர் கடலுக்குள் இறங்குகிறார் என்பது அவருக்கு இரண்டு கை இருக்கிறது என்பதைப் போலத்தான் எனக்கு. அதை யார் எழுதுவார்கள்?

அன்று புதன்கிழமை, நல்ல கூட்டம். மிக்கேல் தன் மனைவி பிலோமினாவோடு வந்திருந்தார். "வலது தோளு கழண்டு விழுத மாதிரி வலிக்கி டாக்டரம்மா. முந்தாநாளு கடல்லருந்து ஏறுனதுலருந்து இப்படித்தான். இடது காலும் லேசா மரத்துக் கெடக்கு" என்றார். பிலோமினா குறுக்கே புகுந்தாள். "தண்ணிக்குள்ள இருந்தா வலியே இல்லங்காக டாக்டரம்மா. நேத்தும் போனாக. உள்ள எறங்குனா வலி நிக்கிதாம், மேல வந்தாத்தான் வலிக்காம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏளா, மேல வந்தா நீ இருக்கேல்லா, அதான் வலிக்கி" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மிக்கேலும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிலோமினா மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயின் பெயரையே அவள் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டாள், நான் அதை வேடிக்கையாக்கிவிட்டேன்.

உனக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. படகில் கம்ப்ரசரை ஓட்டி, குழாய் வழியாக வரும் காற்றை வாயில் கடித்துக்கொண்டு ஆழத்தில் மணிக்கணக்காகச் சங்கு தேடுகிறார்கள். மேலே ஏறும்போது விறுவிறுவென்று ஏறிவிட்டால் உடம்பில் கரைந்திருந்த வாயு, சோடா பாட்டிலை உடைத்ததும் பொங்குவதுபோலக் குமிழியாக வந்துவிடும். அது மூட்டில் போய் நின்றால் வலி, தண்டுவடத்தில் நின்றால் கால் போய்விடும். திரும்ப ஆழத்துக்குப் போனால் குமிழி சுருங்கும், வலி நிற்கும். கல்லூரியில் அரைப் பக்கம் படித்திருக்கிறேன். எந்த ஊருக்கு அந்த அரைப் பக்கம் வேண்டுமோ அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

உனக்கு நான் அனுப்பியதை இன்னும் அழிக்கவில்லை. 'ஆண், நாற்பத்திரண்டு வயது. வலது தோள் வலி, இரண்டு நாள். அடிபடவில்லை. காய்ச்சல் இல்லை. கையை உயர்த்த முடிகிறது. என்ன செய்யலாம்?' அவ்வளவுதான். கால் மரத்துப்போனது வேறு சங்கதி என்று நானே தீர்மானித்து, அதற்கு பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினோரு நிமிஷத்தில் உன் பதில் வந்தது. 'தசைநார்ச் சுளுக்கு மாதிரி இருக்கும்மா. வலி மாத்திரை, ஒத்தடம், பாரம் தூக்க வேண்டாம். ரெண்டு வாரம் பாரு.' எனக்கு அப்படி ஒரு பெருமை. போனைத் தூக்கி சிஸ்டரிடம் காட்டினேன். மிக்கேலிடமும் காட்டியிருப்பேன், அவர் அதற்குள் மாத்திரை வாங்க ஜன்னலுக்குப் போய்விட்டார். போகும்போது திரும்பி ஒன்று கேட்டார். "அப்பம் கடலுக்குப் போலாமா டாக்டரம்மா?" நான் உன் பதிலைத் திரும்பச் சொன்னேன், "பாரம் மட்டும் தூக்க வேண்டாம்." அவர் சிரித்தார். "தண்ணிக்குள்ள பாரம் ஏது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாம் சொன்னதை அவர் மீறவில்லை. மாத்திரையைப் போட்டார், ஒத்தடம் கொடுத்தார், தூக்காமல் பார்த்துக்கொண்டார், கடலுக்குப் போனார். சனிக்கிழமை மத்தியானம் கரையிலிருந்து ஒரு லோடு ஆட்டோவில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார்கள். இரண்டு காலும் நிற்கவில்லை, ஒன்றுக்குப் போக முடியவில்லை. எத்தனை பாகம் ஆழம், எத்தனை தடவை இறங்கினார் என்று அப்போதுதான் கேட்டேன். ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்சில் ஏற்றினேன். இந்த நோய்க்கு உடம்பை மறுபடி அழுத்தத்தில் வைத்து, அந்த அழுத்தத்தை மெதுவாகக் குறைக்கிற அறை வேண்டும். அது இருக்கிற இடத்துக்கு அவர் போய்ச் சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. உயிர் தப்பியது. ஒரு கால் திரும்பி வந்தது, இடது கால் இழுக்கிறது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். கடலை விட்டாயிற்று. பிலோமினா இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போகிறாள்.

இடையில் எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன். ஒன்றுமில்லை, உட்கார முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து நீயாகவே கேட்டாய், 'அந்தத் தோளு எப்படிம்மா இருக்கு?' என்று. நல்ல டாக்டர்தான் அப்படிக் கேட்பான். உன் இறுதித் தேர்வுக்கு அப்போது நாலு நாள் இருந்தது. 'சரியாயிட்டு, நீ படி' என்று எழுதினேன். தேர்வு முடியட்டும் என்று இருந்தேன். தேர்வு முடிந்ததும் கல்யாணப் பேச்சு வந்தது. கல்யாணம் முடிந்ததும் புது வேலை வந்தது. உனக்காக மறைத்தேன் என்று இத்தனை நாளும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சும்மா. உன் முன்னால் மூக்குடைபட எனக்கு மனமில்லை. எம்பிபிஎஸ்ஸோடு நின்றுபோனவள் நான். நீ மேலே படித்து, என்னிடம் வந்து 'அம்மா, இதைப் பார்த்தியா' என்று எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்ததோ, அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதற்காக ஒரு மனுஷனின் காலை 'சரியாயிட்டு' என்ற ஒரே வார்த்தையில் மூடிவைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி நீ உன் வாழ்க்கைக்கே ஒரு வழியைத் தேர்ந்துவிட்டாய் என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

வழி தப்பு என்று சொல்லவில்லை, பதறாதே. நான் இங்கே வந்த புதிதில் சந்தேகம் வந்தால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவேன். கழுத்துக் கட்டியோடு ஒரு அம்மா ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று பஸ் மாறி மாறித் திருநெல்வேலி போய், அன்று அந்த டாக்டர் வருகிற நாள் இல்லை என்று சாயங்காலம் அதே சீட்டோடு திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை நான் எழுதிக் கொடுத்தபோது சீட்டை வாங்கவே இல்லை. இப்போது இருக்கிற வசதி அன்று இருந்திருந்தால் அவள் போயிருக்கவே வேண்டாம். அதனால் கம்ப்யூட்டரைத் திட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே.

போன வருஷம் உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண் கணுக்காலெல்லாம் புண்ணோடு வந்தாள். முறைப்படி கம்ப்யூட்டரில் படத்தோடு கேள்வி அனுப்பினேன். எங்கோ இருக்கிற தோல் டாக்டர், முகம் தெரியாத ஒரு அம்மா, மருந்து எழுதாமல் கேள்வி எழுதி அனுப்பினார். இவர் என்ன வேலை செய்கிறார்? காலில் என்ன போட்டுக்கொள்கிறார்? எத்தனை மணி நேரம்? எனக்குச் சுள்ளென்று வந்தது. 'இங்கன நூறு பேரு நிக்காக, இந்தம்மா வகுப்பு எடுக்காளே' என்று சிஸ்டரிடம் சலித்துக்கொண்டேன். சரி என்று கேட்டுப் பார்த்தால், அந்தப் பெண் போட்டுக்கொள்கிற ரப்பர் பூட்ஸ் கிழிந்துபோய், உப்புத் தண்ணீர் உள்ளே நின்று நாள் முழுக்கக் கால் ஊறுகிறது. பூட்ஸை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் களிம்பு எழுதினார். இருபது நாளில் ஆறிவிட்டது. நீ சென்னையில் யாரைப் போல இருக்க வேண்டும் என்று கேட்டால் அந்த அம்மாவைச் சொல்வேன். பதினோரு நிமிஷத்தில் பதில் அனுப்பியவனைச் சொல்ல மாட்டேன்.

கோபப்படாதே. உன் தப்பு எதுவும் இல்லை என்று தடவிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. பெரிய தப்பு என்னுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீயும் ஒன்று கேட்டிருக்கலாம், 'என்ன வேலை பாக்காரும்மா?' என்று. மூன்று வார்த்தை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், நீ இந்த ஊர்ப் பிள்ளை, அடுத்த நிமிஷமே 'எம்மா, அவர கடலுக்கு விடாத' என்று போன் போட்டிருப்பாய். அம்மா கேட்டால் எல்லாம் சரியாகத்தான் கேட்பாள் என்று நீ நம்பினாய். மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். நம் இரண்டு பேருடைய பாசத்துக்கும் நடுவில் மிக்கேல் மாட்டிக்கொண்டார்.

தினமும் பார்க்கிற கண்ணை மட்டும் நம்பாதே. உனக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் நானே மருந்து கொடுத்து, மடியில் போட்டுக்கொண்டு கிடந்தேன். நாலாம் நாள் ஆத்தூரிலிருந்து வெற்றிலைக் கட்டோடு வந்த உன் மாமா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான். "ஏளா, பய கண்ணு ஏன் இப்படி மஞ்சளா கெடக்கு?" டாக்டர் நான், வெற்றிலை வியாபாரி அவன். அன்று எனக்கு வந்த வெட்கம் நாலு நாளில் போய்விட்டது, அதுதான் தப்பு. உனக்குக் கேள்வி அனுப்பப்போகிற டாக்டர்கள் எல்லாரும் என்னைப் போலத்தான் இருப்பார்கள். மோசமானவர்கள் இல்லை. அவரவர் ஊரில் ஊறிப்போனவர்கள். எது அவர்களுக்கு ரொம்பத் தெரியுமோ அதைத்தான் எழுதாமல் விடுவார்கள்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு முறைப்படி கம்ப்யூட்டரில் அனுப்பியிருந்தால் மிக்கேலின் கால் பிழைத்திருக்கும் என்று நீ நினைப்பாய். அந்தப் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் கேள்வி போகாது. நான் அதில் எல்லாருக்கும் 'கூலி' என்று போட்டுவிடுவேன். பனை ஏறுகிறவர், உப்பு அள்ளுகிறவர், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர், வலை பின்னுகிறவர், எல்லாரும் எனக்குக் கூலிதான். சீக்கிரம் முடியும் அல்லவா? உன் திரையில் 'கூலி' என்று வந்தால் நம்பாதே. அந்த டாக்டர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, திருப்பிக் கேள். பிறகு நோயாளியோ அவர் வீட்டு ஆளோ சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதச் சொல். பிலோமினா சொன்ன அந்த ஒரு வரியை நான் அப்படியே உனக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

நேற்று மிக்கேலும் பிலோமினாவும் வந்தார்கள். அவர் கையில் எக்ஸ்ரே. இரண்டு தோளும் இடுப்பும் கொஞ்ச நாளாக வலிக்கிறதாம். படத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். வலது தோள் எலும்பின் தலைப்பக்கம் அதே குமிழிகளால் ரத்த ஓட்டம் நின்று பட்டுப்போயிருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. இடுப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அறுவைச் சிகிச்சை வேண்டுமா, காத்திருக்கலாமா, கம்பு எந்தப் பக்கம் ஊன்றலாம், ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பெரிய டாக்டரிடம் கேள்வி அனுப்புகிறேன், திங்கட்கிழமையிலிருந்து நம் பக்கத்துக் கேள்விக்கு என் மகன்தான் பதில் எழுதுவான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மிக்கேல் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம தம்பியா? சோழி கேட்டு அழுமே, அந்தத் தம்பியா?" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அன்று யாரிடம் கேட்டேன், எதை எழுதவில்லை, எதைக் கேட்டுச் சிரித்தேன், எல்லாம்.

பிலோமினா, "நான் அன்னைக்கே சொன்னேம்லா டாக்டரம்மா" என்றாள். திட்டவில்லை. அந்த ஒரு வாக்கியத்தையே மூன்று தடவை சொன்னாள். மிக்கேல் ரொம்ப நேரம் கம்பின் நுனியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்பு கேட்டேன். அவர் கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"அப்பம் மொதல்ல தம்பிகிட்டச் சொல்லுங்க. பொறவு கேளுங்க. ஒண்ணும் தெரியாம இன்னொரு மட்டம் அவரு எனக்குப் பதில் எழுதப்பிடாது."

அதனால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் இன்னும் மறைத்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் உன் திரையில் ஒரு கேள்வி வரும். இந்தத் தடவை நான் எழுதி வைத்திருப்பதை இங்கேயே உனக்குக் காட்டிவிடுகிறேன். 'ஆண், நாற்பத்து நான்கு வயது. தொழில்: சங்கு குளித்தவர், கம்ப்ரசர் காற்றில், பதினெட்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன் ஆழத்திலிருந்து ஏறியபின் தோள் வலி, கால் மரத்தல். தண்ணீருக்குள் வலி நின்றதாக மனைவி சொன்னார். அதை மருத்துவர் குறித்துக்கொள்ளவில்லை. எலும்பு மருத்துவரிடம் கேட்கப்பட்டது. தொழில் தெரிவிக்கப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று நாளில் கால்கள் செயலிழந்தன.' இதற்குக் கீழே எக்ஸ்ரே, அதற்குக் கீழே என் கேள்வி. அரசாங்கப் பதிவில் இது நிற்கும், நிற்கட்டும். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவளை என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும்.

உன்னால் முடியாது என்று தோன்றினால் பக்கத்து மேசை டாக்டரிடம் கொடு, நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கொடு. என்மேல் கோபம் இருந்தால் அதற்கு வேறு நாள் இருக்கிறது, நேரில் வந்து சத்தம் போடு, வாங்கிக்கொள்கிறேன். நீயே பதில் எழுதுவதாக இருந்தால் உடனே எழுதிவிடாதே. முதலில் ஏதாவது கேள். பத்து மணிக்கு மிக்கேலை வரச் சொல்லியிருக்கிறேன், பிலோமினாவும் அன்று வேலைக்கு லீவு போடுகிறாள். என் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பேன். நீ கேட்பதை நான் வாசித்துக் காட்டுவேன். பதிலை அவர்கள் சொல்லட்டும், நான் அப்படியே எழுதி அனுப்புகிறேன்.

அம்மா